மூன்றாவது துணி எங்கே?



ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சந்தியில் நின்றால் மட்டும் எஞ்சின் நடுங்கி அணைந்துவிடும். இரண்டு மாதமாக எங்கள் வீட்டுக் காரின் கதை இதுதான். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, எங்களைப் போன்ற பலரும் பழையதையே திருத்தித் திருத்தி ஓட்டப் பழகிவிட்டோம். கராஜில் ஸ்கேன் பண்ணியபோது பழுது த்ரொட்டில் பொடியில் என்றார்கள். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் கதவு அது. அதே மொடலுக்குரிய ரீகண்டிஷன் ஒன்றை வாங்கிவந்து, ஞாயிறு காலை தம்பியோடு முற்றத்தில் வேலையைத் தொடங்கினோம்.

முதல்நாள் இரவே காரை நிறுத்தி ஆறவிட்டிருந்தோம். எங்கள் காரில் கூலன்ட் குழாயும் த்ரொட்டில் பொடியோடு இணைந்திருக்கிறது. சூட்டோடு கழற்றினால் கொதிநீர் கையில் பாயும். ஹேண்ட்பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வைத்து, பெற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றினோம். இது மோட்டாரால் இயங்கும் கதவு. சுவிட்ச் போட்டிருக்கையில் உள்ளே விரல் விட்டால் நசுக்கிவிடும்.

ஒவ்வொரு குழாயையும் கழற்றுமுன் போனில் படம் எடுத்தோம். ஒட்டிப்போயிருந்ததை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பவில்லை. அலுமினிய முகம் கீறுப்பட்டால் அந்த வழியாகக் காற்று ஒழுகும். மெதுவாக அசைத்தே எடுத்தோம். நட்டு ஏதும் உள்ளே விழாதிருக்க, திறந்த வாயில் துணியொன்றை ஆழமாகத் திணித்தோம். பழைய சாரனைக் கிழித்து மகள் தந்த துணி அது.

புதிய கேஸ்கட் வைத்து, நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, குறைந்த கூலன்டையும் நிரப்பினோம். பெற்றரி வயரையும் பூட்டியாயிற்று. தம்பி உள்ளே ஏறி, "நானா, ஸ்டார்ட் பண்ணுவமா?" என்றான்.

அப்போதுதான் மகள் கேட்டாள்: "வாப்பா, நான் மூணு துணி தந்த. இங்க ரெண்டுதான் கிடக்கு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். தம்பி சாவியை உருவி என் கையில் தந்துவிட்டான்.

பெற்றரியை மறுபடி கழற்றி, எல்லாவற்றையும் திரும்பத் திறந்தோம். துணி உள்ளேதான் இருந்தது. சாவி திரும்பியிருந்தால் எஞ்சின் அதை உள்ளே இழுத்திருக்கும். சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினையே பிரிக்க வேண்டி வந்திருக்கும்.

இரண்டாம் முறை பூட்டி ஸ்டார்ட் பண்ணியபோது, முதல் சில நிமிடம் ஏற்ற இறக்கமாக ஓடி, பிறகு நிதானத்துக்கு வந்தது, அல்ஹம்துலில்லாஹ். எல்லா வாகனமும் தானாகச் சரியாகாது. சிலவற்றை ஸ்கேனரால் பழக்கித்தான் எடுக்க வேண்டும்.

பாடசாலைச் சுற்றுலாவில் பிள்ளைகளை எண்ணாமல் பஸ்ஸை எடுக்க நாங்கள் விட்டதில்லை. எங்கள் முற்றத்தில் அதை மறந்தோம். வீட்டில் இந்த வேலை செய்பவர்கள் துணி, நட்டு, சாவி எல்லாவற்றையும் முதலிலேயே எண்ணி வையுங்கள். கடைசியில் மறுபடி எண்ணுங்கள். கணக்கு இடித்தால் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஏதாவது கேட்டால், "சும்மா இரு" என்றும் சொல்ல வேண்டாம்.