ஆயில் குறையல, இடம் மாறியிருக்கு

1/ பழைய புல்லட் வச்சிருக்கிறவங்களுக்கும், வீட்ல 60 வயசு தாண்டின அப்பா அம்மா இருக்கிறவங்களுக்கும் இந்த த்ரெட். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வரைக்கும் எனக்கும் தெரியாது. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ வண்டி அப்பாவோடது. 1989 மாடல் 350, காஸ்ட் அயர்ன் இன்ஜின். 1955-ல மெட்ராஸ்ல புல்லட் தயாரிக்க ஆரம்பிச்ச காலத்து ஆயில் பம்ப்தான் அடிப்படையில இதுலயும் இருக்கு. அப்பா அதை ஒரு நாள்கூட வெளியாள் கையில விட்டதில்ல. அவர் ஓட்டுறதை நிறுத்தினதும் சாவி என்கிட்ட வந்தது.

3/ மூணு மாசமா ஒரு தொல்லை. ஒரு வாரம் நிறுத்தி வச்சு ஸ்டார்ட் பண்ணா தெருவே தெரியாத அளவுக்குப் புகை. டிப் ஸ்டிக் எடுத்துப் பார்த்தா ஆயில் குறைவா காட்டும். கால் லிட்டர் ஊத்துவேன். அடுத்த வாரம் திரும்பவும் புகை, திரும்பவும் குறைவு, திரும்பவும் கால் லிட்டர். போகப் போக வண்டி சூடானாலும் புகை நிக்கல. பிரீதர் பைப் வழியா ஆயில் கக்க ஆரம்பிச்சது.

4/ தெரிஞ்ச மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன். "ஊத்திக்கிட்டே இருக்கீங்களே தம்பி, ஊத்தினது எங்க போச்சுன்னு பார்த்தீங்களா? தொட்டி ஆயிலைத் தனியா, கிராங்க் கேஸ் ஆயிலைத் தனியா இறக்கி அளந்து பாருங்க"ன்னார்.

5/ இந்த இன்ஜின்ல ஆயில் தொட்டி தனி, கிராங்க் சுத்துற அறை தனி. ஒரு பம்ப் தொட்டியிலேர்ந்து எடுத்து இன்ஜினுக்கு அனுப்பும். வேலை முடிஞ்சு கீழ வடியுற ஆயிலை இன்னொரு பம்ப் உறிஞ்சி தொட்டிக்கே திருப்பி அனுப்பும். கிராங்க் அறையில ஆயில் தேங்கவே கூடாது. அதனால திருப்பி அனுப்புற பம்பைத்தான் பெருசா வச்சிருப்பாங்க.

6/ இறக்கினேன். தொட்டியில அரை லிட்டர்கூட இல்ல. கிராங்க் அறையிலேர்ந்து ஒரு லிட்டருக்கு மேல கொட்டுச்சு. ஆயில் எங்கயும் போகல. இருக்க வேண்டிய இடத்துல இல்லாம இருக்கக் கூடாத இடத்துல இருந்திருக்கு. டிப் ஸ்டிக்குக்குத் தொட்டி மட்டும்தானே தெரியும்? அது குறைவுன்னு சொல்லும், நான் ஊத்துவேன்.

7/ சரி, பம்பைக் கழட்டிடலாம்னு தரையில சாக்கை விரிச்சு உட்கார்ந்தேன். வலது பக்க டைமிங் கவர்ல முன்னால ஒரு பம்ப், பின்னால ஒரு பம்ப். ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஸ்பிண்டில். கிராங்க்ல இருக்கிற வார்ம் பல் அதைச் சுத்த வைக்கும். முதல்ல வெளியில இருக்கிற மண்ணையெல்லாம் டீசல் போட்டு பிரஷ்ல சுத்தம் பண்ணுங்க. திறந்தப்புறம் விழுற ஒரு மணல் போதும், பம்பைக் கெடுக்க.

8/ மூடியில இருக்கிற ஸ்க்ரூ வருஷக்கணக்கா இறுகியிருக்கும். சாதா ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுத் திருகினா தலை மழுங்கிடும். இம்பாக்ட் டிரைவர் வச்சு ஒரு தட்டு தட்டுங்க. கடைசி ஸ்க்ரூ வரும்போது மூடியைக் கட்டை விரலால அழுத்திப் பிடிச்சுக்கோங்க. உள்ள ஸ்பிரிங் இருக்கு, துள்ளிடும்.

9/ மூடிக்குப் பின்னால ஸ்பிரிங், அதுக்குப் பின்னால ஒரு வட்டத் தட்டு, தட்டுக்குள்ள ஒரு சின்ன பிளஞ்சர். ஸ்பிண்டில் முனையில மையம் விலகின ஒரு முளை. அது பிளஞ்சரை மேலும் கீழும் இழுக்கும், தட்டையும் சேர்த்து ஆட்டும். ஆடுறப்போ தட்டுல இருக்கிற ஓட்டை ஒரு பக்கம் உறிஞ்சுற வழியோடவும், மறுபக்கம் தள்ளுற வழியோடவும் மாறி மாறிச் சேரும். பம்பும் வால்வும் ஒண்ணே.

10/ ரெண்டு பம்ப் சாமானையும் கலக்காதீங்க. ரெண்டு தட்டு எடுத்து "போற", "வர்ற"ன்னு எழுதி வச்சேன். கழுவிட்டு வெளிச்சத்துல பார்த்தேன். போற பம்ப் தட்டோட முகத்துல மெல்லிசா கீறல். வர்ற பம்ப் தட்டுல நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளம். முகம் ஒட்டலன்னா உறிஞ்சாது. நிறுத்தி வச்சிருக்கும்போது தொட்டி ஆயில் முதல் பம்ப் வழியா கசிஞ்சு கீழ இறங்கும், ரெண்டாவது பம்ப் அதை எடுத்துப் போகாது. ரெண்டு வருஷமா ஆயில் மாத்தாம, சல்லடை கழுவாம, ஊத்தி மட்டுமே ஓட்டின என் சோம்பேறித்தனம்தான் காரணம்.

11/ அப்பா பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து "பேக்கிங் பேப்பரைக் கிழிச்சிடாதடா"ன்னு சொல்லிட்டிருந்தார். நான் தரையில இருந்ததால அவர் கால் என் கண்ணுக்கு நேரா இருந்தது. செருப்பைக் கழட்டி வச்சிருந்தார். வார் இருந்த இடத்துல ஆழமா ஒரு தடம்.

12/ ஆயில் கையோடயே கணுக்காலுக்கு மேல கட்டை விரலை வச்சு அழுத்தினேன். எடுத்தேன். குழி அப்படியே இருந்தது, உள்ள என் விரல் கறுப்பு. "எத்தனை நாளாப்பா?"ன்னேன். "வயசாச்சுல்ல"ன்னார். அம்மா உள்ளேருந்து, "மூணு வாரமா ரெண்டு தலகாணி வச்சுத்தான் படுக்கிறாரு, உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு"ன்னாங்க.

13/ இதயமும் ரெண்டு பம்ப். வலது பக்கம் நுரையீரலுக்கு அனுப்பும், இடது பக்கம் உடம்புக்கு. ரெண்டும் ஒரே அளவு தள்ளணும். இடது பக்கம் ஒரு துடிப்புக்கு 1 மில்லி குறைச்சுத் தள்ளுதுன்னு வைங்க. 70 துடிப்புன்னா நிமிஷத்துக்கு 70 மில்லி பின்தங்கும். இது அப்படியே தொடர்ந்தா 10 நிமிஷத்துல 700 மில்லி. நுரையீரல் பக்கம் அழுத்தம் ஏறி, நீர் கசிய ஆரம்பிக்கும்.

14/ இதுல டிப் ஸ்டிக் யாரு? கிட்னி. பம்ப் பலவீனமானா கிட்னிக்கு வர்ற ரத்த ஓட்டம் குறையும். கால்லயும் நுரையீரல்லயும் நீர் தேங்கியிருக்கிறது அதுக்குத் தெரியாது. "உடம்புல தண்ணி குறைஞ்சுபோச்சு"ன்னு நினைச்சு உப்பையும் நீரையும் பிடிச்சு வச்சுக்கும். வீக்கம் இன்னும் ஏறும். மூணு மாசம் கால் கால் லிட்டரா நான் ஊத்தினேனே, அதே வேலை.

15/ இந்தப் பாடத்தை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். என் வீட்டுக் காலை நான் பார்க்கல. மறுநாள் எக்கோ. பம்பிங் 35 சதவீதம். பல வருஷ பி.பி., அதுல பாதி நாள் மாத்திரை போடாம விட்டது. நீர் பிரியுற மாத்திரையும் இதயத்துக்கான மருந்துகளும் ஆரம்பிச்சாங்க. நான் மருந்து எழுதல, இதய மருத்துவர்கிட்ட விட்டுட்டேன். சொந்த அப்பாவுக்கு நானே டாக்டரா இருந்ததுலதான் மூணு வாரம் போச்சு.

16/ வண்டி ரெண்டு வாரம் பிரிச்சபடியே கிடந்தது. அப்புறம் டைமிங் கவரையே கழட்டி, ஒவ்வொரு தட்டையும் அதோட இருக்கையிலயே நைஸ் கிரைண்டிங் பேஸ்ட் தடவி மெதுவா தேய்ச்சேன். முகம் முழுக்க ஒரே மாதிரி மங்கலா வரணும். அப்புறம் பேஸ்ட் துளிகூட மிச்சமில்லாம எல்லா வழியையும் மண்ணெண்ணெய் விட்டு அலசணும். மிச்சமிருந்தா அது பிக் எண்டைத் தின்னுடும்.

17/ புது ஸ்பிரிங், புது பேக்கிங். மூடுறதுக்கு முன்னாடி பம்ப் அறையில ஆயில் நிரப்பினேன். காஞ்ச பம்ப் உடனே உறிஞ்சாது. பிளக்கைக் கழட்டிட்டு நிறைய தடவை உதைச்சு, அப்புறம் ஸ்டார்ட் பண்ணேன். ராக்கர் பைப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தா ஆயில் கசிஞ்சு வரணும். வந்தது. "நாடி கிடைச்சிடுச்சு"ன்னார் அப்பா.

18/ வண்டிக்காரங்களுக்கு: ஆயில் அளவை இன்ஜின் அஞ்சு நிமிஷம் ஓடினப்புறம் பாருங்க. குறைஞ்சா உடனே ஊத்தாதீங்க, எங்க இருக்குன்னு பாருங்க.

19/ பிள்ளைகளுக்கு: வீட்டுப் பெரியவங்க காலை ஒரு தடவை அழுத்திப் பாருங்க. தலகாணி எத்தனைன்னு கேளுங்க. மூணு நாள்ல 2 கிலோ எடை ஏறினாலோ, படுத்தா மூச்சு வாங்கினாலோ தாமதிக்காம டாக்டரைப் பார்க்கணும். கால் வீக்கத்துக்கு கிட்னி, கல்லீரல், ரத்தக் குழாய், சில பி.பி. மாத்திரைன்னு வேற காரணமும் உண்டு. அதனால கடையில நீர் மாத்திரை வாங்கி நீங்களா போடாதீங்க.

20/ அப்பா இப்போ ஒரு தலகாணி. தினமும் காலையில எடை பார்த்து நோட்டுல எழுதறார். அதே நோட்டுல அடுத்த பக்கத்துல வண்டியோட ஆயில் மாத்தின தேதியையும் அவரேதான் எழுதியிருக்கார், நான் மறந்துடுவேன்னு.