சைக்கிள்காரரும் கின்னஸ் புத்தகமும்

போன வாரம் புத்தகக் கண்காட்சிக்குப் போயிருந்தோம். நான் வாங்க நினைச்சது ஒண்ணு, பையன் தூக்கிட்டு வந்தது கின்னஸ் சாதனைப் புத்தகம். விலையைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு லேசா அடைச்சுது. ஆனா சின்ன வயசுல இதே புத்தகத்தை நூலகத்துல வச்சு வாயைப் பொளந்து பார்த்தவன்தானே நானும்? பேசாம காசைக் கொடுத்துட்டேன்.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் ஆட்டோவுல கேள்வி மேல கேள்வி. பூனாவுல ஸ்ரீதர் சில்லால்னு ஒருத்தர் 1952-லேர்ந்து இடது கை நகத்தை வெட்டவே இல்லையாம், 2018-ல வெட்டினப்போ அஞ்சு விரல் நகமும் சேர்த்து 909.6 சென்டிமீட்டராம். "அப்ப எப்படிப்பா சட்டை போட்டாரு?"ன்னான். நியாயமான கேள்வி. அந்தக் கையை அவரால மடக்கவே முடியாமப் போச்சுன்னு படிச்சிருக்கேன். சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் கேட்டான் பாருங்க ஒரு கேள்வி:

"அப்பா, நீ நேர்ல பார்த்த சாதனை எது?"

டிவியில பார்த்ததெல்லாம் கணக்குல சேராதாம். நேர்ல. கண்ணால.

எனக்குச் சட்டுனு ஒருத்தர் ஞாபகம் வந்தாரு. ஆனா வாயைத் திறக்கல. ஏன்னா அதுல ஒரு வில்லங்கம் இருக்கு. சரி, கொசுவத்தியைச் சுத்திடுவோம். 1986 கோடை விடுமுறை. நான் நாலாப்பு முடிச்ச வருசம். சாத்தூர் பக்கம் அப்பத்தா ஊரு.

இப்ப இருக்கிற பசங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க. அப்பல்லாம் ஊர் ஊரா சைக்கிள் ஓட்ட ஆள் வருவாங்க. ஏழு நாள் ராப்பகலா கீழ இறங்காம, கால் தரையில படாம சைக்கிள் ஓட்டுறது. ஊர் மந்தையில நடுவுல ஒரு கம்பம் நட்டு, அதுல குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, நாலு டியூப்லைட்டைத் தொங்க விட்டுருவாங்க. கம்பத்தைச் சுத்தி சுண்ணாம்புல ஒரு வட்டம். அவ்வளவுதான் ஸ்டேடியம். டிக்கெட் கிடையாது, இஷ்டப்பட்டதைப் போடலாம். (அந்தக் காலத்துல எங்க ஊர்ல 'ரெக்கார்டு'ன்னா இசைத்தட்டு, இல்லேன்னா ரெக்கார்டு டான்ஸ். சாதனைங்கிற அர்த்தமே எனக்குப் பின்னாடிதான் தெரியும்.)

எங்க ஊருக்கு வந்தவருக்கு முப்பது வயசு இருக்கும். ஒல்லியான உடம்பு, சுருட்டை முடி, மஞ்சள் பனியன். கூட அவர் பொண்டாட்டி, மூணு வயசுப் பொம்பளப் புள்ள, மைக்குல பேச ஒரு மச்சான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தலைவர் தேங்காய் உடைச்சு ஆரம்பிச்சு வச்சாரு.

என்னென்ன வித்தைங்கிறீங்க! சைக்கிள்லயே பல் தேய்ப்பாரு. ஓடிக்கிட்டே குளிப்பாரு, அந்தம்மா குடத்தோட கூடவே ஓடி வந்து தலையில தண்ணி ஊத்தும். சைக்கிள்லயே சவரம். இட்லியை ஒரு கையில வாங்கிக்கிட்டு ஹேண்டில் பார் மேல காலைத் தூக்கிப் போட்டு சாப்பிடுவாரு. தரையில கிடக்கிற ஒத்த ரூபாயைக் குனிஞ்சு வாயால கவ்வுவாரு. எங்களை மாதிரிப் பொடிசுகளைத் தூக்கித் தோள்ல உக்கார வச்சு ஒரு ரவுண்டு. ராத்திரி ஆச்சுன்னா டியூப்லைட்டை நெஞ்சுல அடிச்சு உடைக்கிறது. சட்டையில ரெண்டு ரூபா, அஞ்சு ரூபாய்னு ஊக்கு குத்தி விடுவாங்க. குத்தினவங்க பேரை மச்சான் மைக்குல மூணு தடவை சொல்லுவாரு. அதுக்காகவே குத்தினவங்க நிறைய பேரு!

எங்க பெரியப்பாவுக்கு மட்டும் நம்பிக்கையே இல்ல. "மனுசன்னா தூங்காம இருக்க முடியுமாடா? எங்கயோ கோல்மால் இருக்கு"ன்னுட்டே இருந்தாரு. டீக்கடையில பந்தயமும் கட்டிட்டாரு. ஏழு நாள் முடியறதுக்குள்ள இறங்கிருவான்னு அம்பது ரூபாய். 1986-ல அம்பது ரூபாய்னா சும்மா இல்லீங்க.

அப்பத்தா வீடு மந்தையை ஒட்டியே இருந்துச்சு. திண்ணையிலதான் படுக்கை. திங்கக்கிழமை ராத்திரி ஒண்ணுக்கு வந்து முழிச்சேன். உள்ளே சுவர்க் கடிகாரம் ரெண்டரை காட்டுச்சு. டியூப்லைட்டெல்லாம் அணைஞ்சு, கம்பத்துல ஒத்தை குண்டு பல்பு மட்டும். கூட்டம் சுத்தமா கலைஞ்சிருச்சு. மச்சான் மைக் பெட்டி மேலேயே சாய்ஞ்சு கிடந்தாரு. சைக்கிள் மட்டும் போய்க்கிட்டே இருந்துச்சு, கிரீச் கிரீச்னு. தலையில துண்டு, மஞ்சள் பனியன், மடிச்சுக் கட்டின கைலி.

வேலியோரமா ஒதுங்கினேன். அங்க சேலையில கட்டின அவங்க கூடாரம். வெளியில ஒரு சாக்கு. சாக்கு மேல சைக்கிள்காரர் படுத்திருந்தாரு. பக்கத்துல பாப்பா. அவர் வாயைத் திறந்துக்கிட்டு, செத்தவர் மாதிரி தூங்கிட்டிருந்தாரு. கால் ரெண்டும் பானை மாதிரி வீங்கியிருந்துச்சு. எனக்கு வந்தது நின்னே போச்சு.

அப்ப ஓட்டுறது யாரு?

சைக்கிள் என் பக்கம் திரும்பி வந்துச்சு. அந்தம்மா. புருசனோட பனியன், புருசனோட கைலி. பகலெல்லாம் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடின அதே அம்மா. என்னைப் பார்த்துருச்சு. நிறுத்தல. சத்தம் போடல. கையெடுத்துக் கும்பிடல. என்னையவே பார்த்துக்கிட்டு ஒரு சுத்து, திரும்பவும் பார்த்துக்கிட்டு இன்னொரு சுத்து. மூணாவது சுத்துல நான் திண்ணைக்கு ஓடி வந்து போர்வைக்குள்ள புகுந்துட்டேன்.

காலையில பார்த்தா அவரு சைக்கிள்ல பல் தேய்ச்சுக்கிட்டு இருக்காரு. அந்தம்மா பாப்பாவுக்கு வடிகஞ்சி ஊட்டிக்கிட்டு இருக்கு.

பெரியப்பா மோப்பம் பிடிக்கிறதுல கில்லாடி. நேரா என்கிட்ட வந்தாரு. "ஏலே, நீ திண்ணையிலதான படுக்க? ராத்திரி எதையாச்சும் பார்த்தியா? சைக்கிளை நிறுத்தினானா?"

நான் சொன்னேன்: "சைக்கிள் நிக்கவே இல்ல பெரியப்பா."

இப்ப யோசிச்சா அது பொய்யே இல்ல. அப்ப எனக்கு அந்த அளவுக்கு அறிவெல்லாம் கிடையாது, பயத்துல வந்த பதில். சொல்லியிருந்தா என்ன நடந்திருக்கும்னு ஒம்போது வயசுக்கே தெரிஞ்சிருந்துச்சு. பக்கத்து ஊர்ல ஒரு சைக்கிள்காரரைக் கீழ இறங்கினதுக்காக அடிச்சு விரட்டின கதையை டீக்கடையில சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு இருந்தாங்க.

வெள்ளிக்கிழமை ஏழு நாள் முடிஞ்சுது. மாலை, ரூபாய் நோட்டு மாலை, தலைவர் கையால பொன்னாடை. சைக்கிள்லேர்ந்து இறக்கினப்போ அவரால நிக்க முடியல, ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சாங்க. மச்சான் மைக்குல 'வீரர், மாவீரர்'னு அவர் பேரைக் கத்திக்கிட்டே இருந்தாரு. அந்தம்மா கம்பத்துலேர்ந்து ஒயரைச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. பெரியப்பா அம்பது ரூபாயை எண்ணி வச்சாரு.

இது கோல்மால்தானே? ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். பின்னாடி இந்த சாதனைக் கதைகளை எல்லாம் தேடித் தேடிப் படிச்சதுக்குக் காரணமே அந்த ரெண்டரை மணிதான்னு இப்பத் தோணுது.

கின்னஸ் புத்தகமே ஒரு வெட்டி வாக்குவாதத்துல பொறந்ததுதான். 1951-ல அயர்லாந்துல வேட்டைக்குப் போன சர் ஹியூ பீவர்ங்கிறவர் ஒரு கோல்டன் பிளவர் பறவையைக் கோட்டை விட்டுட்டாரு. வேட்டைப் பறவைகள்ல வேகமானது எதுன்னு அன்னிக்கு ராத்திரி சண்டை. எந்தப் புத்தகத்துலயும் பதில் இல்ல. அவர் கின்னஸ் பீர் கம்பெனியோட நிர்வாக இயக்குநர். சாராயக்கடைச் சண்டையைத் தீர்க்க ஒரு புத்தகம் போட்டா என்னன்னு யோசிச்சு, மெக்விர்ட்டர் இரட்டையர்களைப் பிடிச்சு, 1955-ல முதல் பதிப்பு வந்துச்சு. நம்ம டீக்கடை பெஞ்சு மாதிரிதான்.

எண்ணுறதுலயே எவ்வளவு குழப்பம் பாருங்க. 1974 பதிப்புல லதா மங்கேஷ்கர் 25,000 பாட்டுக்கு மேல பாடியிருக்காங்கன்னு போட்டாங்க. முகமது ரஃபி அதை ஏத்துக்கல, நானும் குறைச்சலாப் பாடலையேன்னு எழுதிப் போட்டாரு. கடைசியில தொண்ணூறுகள் ஆரம்பத்துல அந்தப் பதிவையே எடுத்துட்டாங்க. 2016-ல நம்ம பி.சுசீலா அம்மாவுக்குக் கொடுத்தப்போ 17,695 பாட்டுன்னு கணக்கா கொடுத்தாங்க. அந்த 95-ஐப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். எவனோ ஒருத்தன் உக்காந்து எண்ணியிருக்கான்யா!

கோல்மாலுன்னா 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தான்தான். ஃபிரெட் லோர்ஸ் ஒம்போது மைல் ஓடிட்டுக் கார்ல ஏறி, பதினோரு மைல் போய், கார் ரிப்பேர் ஆனதும் இறங்கி ஓடி முதல்ல வந்துட்டாரு. மாட்டிக்கிட்டு, ஹி ஹி சும்மா தமாசுன்னாரு. அப்புறம் தங்கம் வாங்கின தாமஸ் ஹிக்ஸ் கதை இன்னும் மோசம். வழியில அவருக்கு ஸ்ட்ரிக்னின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா முட்டை வெள்ளைக்கருவுல கலந்து கொடுத்து, பிராந்தியும் ஊத்தி, கூட வந்தவங்க தாங்கிப் பிடிச்சுக் கோட்டைத் தாண்ட வச்சாங்க. அது செல்லும்! கார் செல்லாது, விஷம் செல்லும். அன்னிக்கு விதி அப்படி.

கும்ப்ளேவை எடுத்துக்குங்க. 1999 பிப்ரவரி 7, டெல்லி கோட்லா மைதானம், 74 ரன்னுக்குப் பத்து விக்கெட். பத்தாவதா வாசிம் அக்ரம், லட்சுமண் கையில கேட்ச். ஒம்போது விழுந்ததுக்கு அப்புறம் எதிர்முனையில ஸ்ரீநாத் என்ன பண்ணாரு? தனக்கு விக்கெட் விழுந்துரக் கூடாதுன்னு பந்தை ஸ்டம்புக்கு வெளியிலேயே போட்டுக்கிட்டு இருந்தாரு. அதை யாரும் கோல்மால்னு சொல்லல. எனக்கு அந்த மேட்ச்ல கும்ப்ளேவை விட அந்த ஓவர்தான் பிடிக்கும். ஸ்கோர்போர்டுல அதுக்கு இடமே கிடையாது.

இன்னொண்ணு. 1994-ல பதிமூணு வயசுல ஒரே வருசத்துல ஆறு நீரிணைகளை நீந்தினாரே நம்ம குற்றாலீஸ்வரன், மிஹிர் சென்னோட அஞ்சைத் தாண்டி? ஆங்கிலக் கால்வாய் நீச்சல்ல ஒரு விதி உண்டு. கூட வர்ற படகைத் தொடக் கூடாது. சாப்பாட்டைக் கோல்லயோ கயித்துலயோ நீட்டுவாங்க. ஒரு விரல் பட்டாலும் போச்சு. இதைப் படிச்சப்போ எனக்கு சுண்ணாம்பு வட்டம் ஞாபகம் வந்து வயித்தைப் பிசைஞ்சுது. அந்த விதிப்படி பார்த்தா என் சைக்கிள்காரர் அவுட்.

ஆனா கின்னஸ்ல நீண்ட நேரச் சாதனைகளுக்கு வேற விதி. முழுசா முடிச்ச ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அஞ்சு நிமிஷம் ஓய்வு உண்டு. எடுக்காம சேர்த்து வச்சுக்கலாம். இது தெரிஞ்ச அன்னிக்கு பேப்பரையும் பேனாவையும் எடுத்துக்கிட்டு உக்காந்தேன். வெள்ளி ஆறு மணியிலேர்ந்து திங்கள் ராத்திரி ரெண்டரை வரைக்கும் முழுசா 80 மணி நேரம். எண்பது அஞ்சு நானூறு. ஆறு மணி நாப்பது நிமிஷம்! கணக்கா தூங்குறதுக்கு அவருக்கு உரிமை இருந்திருக்கு. சைக்கிளை ஓரமா சாய்ச்சுட்டு, எல்லார் முன்னாடியும் தூங்கியிருக்கலாம். (அதுக்கு முந்தின ராத்திரிகள்ல என்ன நடந்துச்சுன்னு கேக்காதீங்க. நான் நல்லாத் தூங்கிட்டேன்.)

தூங்காம இருக்கிறதே ஒரு சாதனையா இருந்த காலமும் உண்டு. 1963 டிசம்பர்ல ராண்டி கார்ட்னர்ங்கிற பதினேழு வயசுப் பையன், பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காக 264 மணி நேரம் முழிச்சிருந்தான். பின்னால கின்னஸ்காரங்க இது உடம்புக்கு ஆபத்துன்னு அந்தப் பிரிவையே மூடிட்டாங்க. எங்க ஊர் டீக்கடை மூடல.

இதையெல்லாம் ஒரு வழியா அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பையன்கிட்ட சொன்னேன். முதல் தடவையா வாயைத் திறந்து ஒருத்தர்கிட்ட. ரொம்ப நேரம் யோசிச்சான். அவன் என்ன கேப்பான்னு எனக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்துச்சு, 'ஏன் பெரிய தாத்தாகிட்ட பொய் சொன்ன?'ன்னு. அதைக் கேக்கல.

"அந்த ஆன்ட்டி பகல்லயும் தூங்கலையாப்பா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. இத்தனை வருசத்துல அந்தக் கணக்கை நான் போடவே இல்ல. பகல்ல சோறாக்கி, தண்ணி தூக்கி, புள்ளையைப் பார்த்து, உண்டியல் ஏந்தி... ராத்திரி சைக்கிள். பேப்பரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அவங்களுக்கு எங்கயும் ஒரு மணி நேரம் கூட மிச்சம் வரல.

"அவங்க பேரு என்ன?"ன்னான்.

மைக்குல அந்தப் பேரு ஒரு தடவை கூட வரல. சைக்கிள்காரர் பேரை ஏழு நாள் கேட்டிருக்கேன், அதுவும் இப்ப மறந்து போச்சு.

பி.கு: பெரியப்பா 2009-ல தவறிட்டாரு. கடைசி வரைக்கும் "அந்த சைக்கிள் பய நிசமாவே ஓட்டிட்டான்டா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அண்ணே, நீங்க இதைப் படிச்சீங்கன்னா, உங்கப்பாவோட அம்பது ரூபாய் என்கிட்டதான் இருக்கு. அசல் மட்டும் தர்றேன், வட்டியெல்லாம் கேக்கப்படாது.