பாட்டு எடுத்த மேட்டில் ஊறும் தண்ணீர்

விஜய் யூரியா மூட்டையைப் பிரித்துப் பயிருக்கு இட்டவர்களுக்கு மணலி என்ற பெயர் புதிதல்ல. அந்த உரம் தயாராவது வடசென்னை மணலியில்தான். 1969-ல் அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1971-ல் உர ஆலையில் உற்பத்தி ஆரம்பமானது. அதற்கு முன் அது வயலும் ஏரியும் கால்வாயுமாக இருந்த ஊர். இன்று அங்குள்ள பல குடும்பங்களில், அப்பா காலம் வரை ஏர், மகன் காலத்தில் ஆலை வேலை என்றுதான் கதை போகிறது.

அப்படியொரு குடும்பத்துப் பெரியவர், ஓய்வுபெற்ற ஒப்பந்தத் தொழிலாளி. தன் தெருக்காரர்கள் சிலரோடு ஊட்டிக்கு ஒருநாள் சுற்றுலா கிளம்பினார். இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து வேனில் மலையேற்றம். சினிமா எடுத்த இடங்களைக் காட்டும் வழிகாட்டி ஒருவரும் உடன் வந்தார். படிகர் ஊர் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் அவர்.

குன்னூரைத் தாண்டும்போது 'ரோஜா' பற்றிப் பேச்சு வந்தது. 1992-ல் வெளிவந்த அந்தப் படத்தில் காஷ்மீராகத் தெரிவது காஷ்மீர் அல்ல. அங்கே நிலைமை சரியில்லாததால் குன்னூர், ஊட்டி, இமாச்சலத்தின் மணாலி ஆகிய இடங்களில் படம்பிடித்தார்கள் என்றார் வழிகாட்டி.

"தாத்தா, நம்ம ஊரா?" என்று பேத்தி கேட்க, வேன் முழுக்கச் சிரிப்பு. "அது மணாலி பாப்பா, நம்மளுது மணலி. அங்க பனி, இங்க பொக" என்றார் பெரியவர்.

அடுத்து கேத்தி ரயில் நிலையம். 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி எடுத்த இடம். எல்லோரும் நடைமேடையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, பெரியவரின் கண் கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட், முட்டைக்கோஸ் பாத்திகள் மேல் இருந்தது. சரிவை வெட்டிப் படிப்படியாகச் செய்திருந்த வயல்களைப் பார்த்து, "மலையில கூட ஒரு சாண் விடலியே" என்று வியந்தார்.

ஊட்டியைக் கடந்து கூடலூர் சாலையில் பைன் காடு வந்தது. அதன்பின் ஒன்பதாவது மைல். 'ஷூட்டிங் மேடு' என்றால் டிரைவர்களுக்குத் தெரியும். அலை அலையாகப் பச்சைப் புல்மேடுகள். இந்தச் சரிவுகளில் கதாநாயகனும் கதாநாயகியும் ஓடிவராத மொழிப் படம் தென்னிந்தியாவில் இல்லை எனலாம்.

பெரியவருக்கு மட்டும் ஒரு சந்தேகம். "தம்பி, அங்க ஒரு சாண் விடாம வெள்ளாமை பண்றாங்க. இவ்ளோ நெலம் இங்க ஏன் சும்மா கெடக்குது?"

"சும்மா கெடக்கலீங்க ஐயா. கையை வச்சு அழுத்திப் பாருங்க."

பெரியவர் குனிந்து, பள்ளமான ஓரத்தில் புல்லை அழுத்தினார். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. மழை பெய்து இரண்டு நாளாகியிருந்தது.

நீலகிரியின் உயரமான பகுதிகளில் மேட்டில் புல்வெளியும், மடிப்பில் சோலைக்காடும் சேர்ந்தே இருக்கும். தோடர்கள் எருமை மேய்த்த நிலம் இது. புல்லின் அடர்ந்த வேரும் மட்கு நிறைந்த மண்ணும் மழையை உறிஞ்சிப் பிடித்து, மெதுவாக ஓடைக்கு விடுகின்றன. கோடையிலும் ஓடை வற்றாமலிருக்க அதுதான் காரணம். வெள்ளையர் காலத்திலும் அதன் பின்னும் இந்த நிலத்தை வெற்றுநிலம் என்று எண்ணி, பல இடங்களில் தைலமரமும் சீகை மரமும் நட்டார்கள்.

அதன் விளைவை உதகையிலுள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கனில் அளந்து பார்த்தது. அருகருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள். ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் தைலமரம் நட்டார்கள். மரம் வைத்த பகுதியிலிருந்து வரும் நீர், முதல் பத்தாண்டில் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய மரம் மீண்டும் துளிர்த்து வளர்ந்தபோது இன்னும் அதிகமாகக் குறைந்தது.

இதில் சமவெளி விவசாயிக்கு என்ன? இந்தப் பகுதியின் ஓடைகள் பைகாரா வழியே மாயாறாகி, பவானிசாகரில் பவானியோடு சேர்கின்றன. வழியில் 1932 முதல் மின்சாரமும் தருகின்றன. 1955-ல் திறக்கப்பட்ட பவானிசாகர் அணையின் கீழ்பவானி வாய்க்கால் பாசனம் மட்டும் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். ஈரோடு, திருப்பூர், கரூர் வயல்களில் பாயும் நீரில் ஒரு பங்கு, படத்தில் நாம் பார்த்த புல்மேட்டில் ஊறியதுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெரியவர் சொன்னது முக்கியமானது. "எங்க ஊர்லயும் தண்ணி நிக்கிற பள்ளம் நெறைய இருந்துச்சு. சும்மாதான கெடக்குதுன்னாங்க. இப்ப தண்ணி நிக்க எடமில்லாம ஊட்டுக்குள்ள வருது."

2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரிநீர் கொசஸ்தலையாற்றில் பெருகி வந்தபோது, மணலி புதுநகரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை அந்த வேனில் இருந்த எல்லோரும் அனுபவித்தவர்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

நம் ஒவ்வொரு ஊரிலும் மேய்ச்சல் புறம்போக்கு, ஏரி உள்வாய், ஓடைக்கரை என்று 'சும்மா கிடக்கும்' நிலம் உண்டு. கட்டடம் கட்டவோ, மண் கொட்டவோ, பட்டா கேட்கவோ முதலில் கை நீள்வது அதன் பக்கம்தான். அடுத்த கிராம சபையில் அப்படியொரு பேச்சு வந்தால், 'அந்த நிலம் எந்தக் கிணற்றுக்கு ஊற்று, எந்தத் தெருவுக்கு வடிகால்?' என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஊட்டிக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை உள்ளதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டு செல்லுங்கள். புல்மேட்டில் வண்டியை ஏற்றாதீர்கள். மிதிபட்டு இறுகிய மண் தண்ணீரை உள்ளே விடாது என்பது உழவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போட்டோ எடுத்து முடித்ததும் பிள்ளைகளைக் குனியச் சொல்லி, அந்தப் புல்லை ஒருமுறை கையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.