காலில் ஒரு காவிரி

'நரம்புச் சுருட்டு' என்று ஊரில் சொல்கிறார்களே, அதற்கும் நரம்புக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. "இது நரம்பே இல்லைய்யா, ரத்தக் குழாய்" என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்கே தெரியும்.

என் இடது கெண்டைக்காலில் ஊதாவும் நீலமுமாக ஒரு மேப் உண்டு. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற மாதிரியே இருக்கும். "வேட்டியை மடிச்சுக் கட்டாதீங்க, பார்க்கச் சகிக்கலை" என்பாள் மனைவி. ஜவுளிக் கடை புடவை செக்ஷனில் இருபத்தாறு வருஷம் நின்று சம்பாதித்தது. கஸ்டமருக்கு ஸ்டூல், காபி எல்லாம் உண்டு. நாங்கள் சுவரில் சாய்ந்தால்கூட சூபர்வைசர் கனைப்பார்!

காலிலிருந்து ரத்தம் இதயத்துக்கு மேலே ஏற வேண்டும். கீழே இறங்கிவிடாமல் தடுக்க குழாய்க்குள் குட்டிக் குட்டி வால்வுகள். நடந்தால் கெண்டைச் சதை பம்ப்செட் மாதிரி பிழிந்து அனுப்பும். ஒரே இடத்தில் நின்றால் மோட்டார் ஆஃப். ரத்தம் தேங்கி, குழாய் விரிந்து, வால்வு வாய் சேராமல் போகிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் சிலந்தி வலை மாதிரி இருந்தால் பெரும்பாலும் அழகுப் பிரச்னைதான். மூன்று மில்லிமீட்டரைத் தாண்டிப் புடைத்தால் வெரிகோஸ். பிரசவம், வயசு, எடை, பரம்பரை எல்லாவற்றுக்கும் பங்குண்டு. (அம்மாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து இது ஒன்றுதான்.)

சிலந்தி வலைக்கு ஊசி இருக்கிறது. மருந்து போனதும் குழாய்ச் சுவர்கள் ஒட்டிக்கொண்டு, சில வாரங்களில் மங்கும். புதுசு முளைக்காது என்று கேரண்டி கிடையாது. பெரிசுக்கு டாப்ளர் ஸ்கேன் பார்த்து, லேசர் சூட்டில் உள்ளேயே அடைத்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான். சாயங்காலமே நடந்து வீடு வந்தேன். இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் வலியைக் குறைக்கும், வந்த கோட்டை அழிக்காது. திருச்சி வெயிலில் அதை மாட்டுவது தனி யோகாசனம்! ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடை ஊழியர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று கேரளாவில் 2018-ல் சட்டம் வந்தது. இங்கே 2021-ல், 1947-ம் வருஷத்துக் கடைகள் சட்டத்தைத் திருத்தினார்கள்.

தங்கை மகள் கல்யாணத்துக்கு வேறொரு ஊரில் புடவை எடுக்கப் போனோம். கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. மேலே அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் அந்தப் பெண் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

"நாங்க நிதானமாத்தான் பார்ப்போம். சித்த நேரம் உட்காரும்மா."

கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"பரவாயில்ல சார். பட்டா, ஃபேன்சியா?"