சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா? நான் போட்ட தப்புக் கணக்கு

காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர்ல நான் நல்ல மார்க். ஆனா வீட்டுக்காகப் போட்ட ஒரு கணக்கு சொதப்பிடுச்சு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

பெரியப்பாவுக்கு நாக்கு ஓரத்துல ஒரு புண். ரெண்டு மாசமாகியும் ஆறலை. வெத்தலையோட புகையிலை போடுற ஆள். தாடைக்குக் கீழே நெல்லிக்காய் மாதிரி ஒரு கட்டி வேற. எங்க தெரு டாக்டர் பார்த்ததும், "பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க. போகும்போது சி.டி. இல்லன்னா எம்.ஆர்.ஐ. எடுத்துட்டுப் போங்க"ன்னு எழுதிக் கொடுத்துட்டார்.

வெளியூர்ல "அடையாறுக்குப் போகணும்"னு மெதுவான குரல்ல சொன்னா என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். 1954-ல முத்துலட்சுமி ரெட்டி இங்க ஆரம்பிச்ச கேன்சர் இன்ஸ்டிட்யூட் அப்படி. தினமும் அந்த வழியா காலேஜ் போறவன் நான். ஒரு நாள் கூட அது நம்ம வீட்டுக் கதையாகும்னு நினைச்சதில்லை.

வீட்டுல படிச்ச பிள்ளை நான்தானே! நாலு ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டு, எக்செல்ல ரேட் பட்டியல் போட்டேன். சி.டி. ரொம்பக் கம்மி. "ரெண்டும் ஸ்கேன்தானே பெரியப்பா, எதுக்கு வீண் செலவு?"ன்னு கூட்டிட்டுப் போய் எடுத்தாச்சு.

பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்துல வச்சுப் பார்த்தார். பெரியப்பாவோட கடைவாய்ப் பல்லுல ரெண்டு உலோக கேப். எக்ஸ்ரே கதிர் உலோகத்துல பட்டா படத்துல வெள்ளைக் கோடா சிதறுமாம். சரியா அந்தக் கோடுங்க நாக்கு மேலேயே விழுந்திருந்துச்சு. பார்க்க வேண்டிய இடம் மட்டும் தெரியலை!

"அப்போ எம்.ஆர்.ஐ.தான் பெஸ்ட்டா சார்?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு, "எதைத் தேடுறோம்கிறதைப் பொறுத்துப்பா"ன்னார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். தாடை எலும்பு அரிச்சிருக்கான்னு பார்க்க சி.டி. நல்லது. சில நொடியில முடிஞ்சுடும், எச்சில் முழுங்கினாலும் பெருசா கெடாது. நாக்கு சதையில புண் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கு, நரம்பு வழியா பரவுதான்னு பார்க்க எம்.ஆர்.ஐ. அதுல எக்ஸ்ரே கிடையாது, காந்தமும் உடம்புல இருக்கிற தண்ணியோட ஹைட்ரஜனும்தான் வேலை செய்யுது. ஆனா அரை மணிக்கு மேல அசையாம படுக்கணும். பேஸ்மேக்கர் வச்சிருந்தா முன்னாடியே சொல்லணும். கழுத்துக் கட்டிக்கு? மூணுலயும் விலை கம்மியான அல்ட்ராசவுண்ட்! தோலுக்குப் பக்கத்துல இருக்கிறதை அது நல்லாக் காட்டும், அதைப் பார்த்துக்கிட்டே ஊசி குத்தி செல் எடுக்கலாம். எலும்புக்குப் பின்னாடி இருக்கிறது மட்டும் அதுக்குத் தெரியாது. எந்த ஸ்கேன் எடுத்தாலும், புற்றுநோயான்னு உறுதியாச் சொல்றது சதைப் பரிசோதனைதான்.

ஆக, சி.டி. காசு சங்க் காஸ்ட். அதைவிட, இன்னொரு ஸ்கேனுக்கு நாள் கிடைக்க ஆன ஒன்பது நாள்தான் என்னைத் தூங்க விடலை. என் எக்செல்ல அதுக்கு ஒரு காலம் இல்லையே.

புற்றுநோய்தான். ஆனா எலும்புக்குப் போகலை. ஆபரேஷன் ஆகி நாலு மாசம். பெரியப்பாவுக்கு 'ர', 'ழ' எல்லாம் குழறுது, என்னைத் திட்டுறது மட்டும் தெளிவா வருது. ஒன்பது நாளைப் பத்தி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மக்களே, வாயில ரெண்டு மூணு வாரமா ஆறாத புண் இருந்தா உடனே காட்டுங்க. ஸ்கேன் எழுதினா ரேட் விசாரிக்கிறதுக்கு முன்னாடி, "இதுல எதைத் தேடுறீங்க டாக்டர்?"னு ஒரு கேள்வி கேளுங்க. அதுக்குக் காசு கிடையாது.