ஒரு சக்கரம் அந்தரத்தில்!

டிபரன்ஷியல் படம் போட்டு மார்க் வாங்காதவர் நம் மெக்கானிக்கல் பிரிவில் உண்டா? வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடணும், அதற்குத்தான் அது என்று எழுதிவிட்டு வருவோம். ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேலே தொங்கினால்? அது சும்மா சுற்றும். தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் கிடைக்கும். வண்டி நகராது.

பயிற்சிக்குப் போன பட்டறையில் ஒரு பார்ச்சூனரின் முன்பக்கத்துக்கு ஏர் லாக்கர் மாட்டினோம். காற்றழுத்தம் கொடுத்தால் பக்கப் பல்சக்கரம் கூண்டோடு பூட்டிக்கொள்ளும். இரண்டு ஷாப்ட்டும் ஒன்றாய்ச் சுற்றும். கழற்றுவது பெரிய வேலையில்லை. கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் பேக்லாஷ் வைப்பதுதான் உயிரை வாங்கும். மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு தப்பினாலும் பல் ஊளையிடும். ஷிம் மாற்று, டயல் கேஜ் வை, மறுபடி கழற்று... சாயந்தரம் வரை இதேதான்!

"இனிமே எந்த மேட்டுலயும் ஏறுமில்ல?" என்றார் வண்டிக்காரர்.

"ஏறும் சார். ஆனா ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுட்டு லாக் போட்றாதீங்க" என்றார் மெக்கானிக் அண்ணன்.

காரணம் இருக்கிறது. முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டி இது. ஷாப்ட்டின் இரு முனையிலும் சி.வி. ஜாயிண்ட். முன்பு இரண்டு ஷாப்ட்டும் சரிபாதி தாங்கின. பூட்டியபின் ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டால் மொத்தச் சுமையும் மற்றதன் தலையில்! அப்போது ஜாயிண்ட் மடங்கியும் இருந்தால் உடைய வேண்டியதுதான். என்னைக் கேட்டால் பின் ஆக்ஸிலுக்குத்தான் முதலில் போடுவேன்.

வண்டிக்காரர் கொஞ்சம் யோசித்தார். ஒரு ஷாப்ட் உதிரியாக வாங்கி வைக்கச் சொன்னார்.