ஓர் இதயம், இரண்டு சாலைகள்

செப்டம்பர் 20, தாம்பரம்

சாயங்காலம் ஆறு மணி. இரும்புலியூரிலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகள் ஊர்கின்றன. சைரன் கேட்டதும் எல்லோரும் ஒதுங்கத்தான் பார்க்கிறார்கள். ஒதுங்க இடம் வேண்டுமே!

2008இல் இதே தேதியில்தான் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதியின் 15 வயது மகன் ஹிதேந்திரன் பைக் விபத்தில் சிக்கினான். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் சென்னையின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வர இந்தச் சாலையைத்தான் நம்பியிருக்கிறார்கள். சிறுவன் மூளைச்சாவு அடைந்ததும் பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். போக்குவரத்துப் போலீஸ் வழிவிட்டுக் கொடுக்க, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு இதயம் போய்ச் சேர 11 நிமிடம். அது துடித்தது பெங்களூருச் சிறுமி ஒருத்தியின் நெஞ்சில்.

செப்டம்பர் 21, குரோம்பேட்டை

இந்தச் சம்பவத்தின் உந்துதலில் ராஜேஷ் பிள்ளை 2011இல் மலையாளத்தில் 'டிராஃபிக்' எடுத்தார். 2013 மார்ச்சில் அது தமிழில் 'சென்னையில் ஒரு நாள்' ஆனது.

சினிமா கணக்கு வேறு. நகருக்குள் 11 நிமிடத்தில் முடிந்த பயணம், வேலூர் வரை ஒன்றரை மணி நேர ஓட்டமாக நீண்டது. முகம் தெரியாத சிறுமிக்குப் பதில், சூப்பர் ஸ்டாராக வரும் பிரகாஷ்ராஜின் மகள். வண்டி ஓட்டுவது லஞ்சப் பழி சுமக்கும் சேரன். அந்தப் பாத்திரம் அருமை. பழியைத் துடைக்க ஒரு நாள் கிடைத்த மனிதனின் பதற்றம் அவர் முகத்தில் இருக்கிறது.

ஆனால் மகனைப் பறிகொடுத்த பெற்றோர்? படத்தில் முதலில் மறுக்கிறார்கள், மற்றவர்கள் பேசிப் பேசிச் சம்மதிக்க வைக்கிறார்கள். நிஜத்தில் முடிவெடுத்தவர்கள் மருத்துவம் படித்த தாயும் தந்தையும். வெண்டிலேட்டர் காட்டுவது எதை என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதைவிடக் கனமான காட்சி எது? திரைக்கதை அதை விட்டுவிட்டு ஸ்பீடோமீட்டரைப் பிடித்துக்கொண்டது.

கதை பிறந்த சாலை தெற்கே. கேமரா ஓடியதோ மேற்கே.

செப்டம்பர் 22

இன்யாரிட்டுவின் '21 கிராம்ஸ்' (2003) படத்திலும் விபத்து, இதயம், அந்நியர்கள் உண்டு. அங்கே இதயம் பெற்றவன், அதைக் கொடுத்தவனின் மனைவியைத் தேடிப் போகிறான். வினையே அங்கேதான் தொடங்குகிறது. நம் படமோ ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் பெருமூச்சு விடுகிறது.

செப்டம்பர் 23

தமிழ்நாட்டில் இன்று உறுப்பு தான நாள். தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023இல் இதே நாளில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். இன்று அப்படியொரு வீட்டுக்கு அதிகாரிகள் மாலையோடு வருகிறார்கள். இன்னொருவர் இந்தக் கதையைப் படமாக்கினால், ஆம்புலன்ஸைப் போகவிட்டு அந்தத் தெருவில் கேமராவை வைக்கலாம்.